நெட்டை சாருக்கு ஒரு நாற்காலி

தலைமை முகாமை வயர்லெஸ்ஸில் திட்டுவதில் நெட்டை சாரை மிஞ்ச ஆள் கிடையாது. தண்ணீர் வண்டி தாமதமானாலும் சரி, பேட்டரி வந்து இறங்கும்போதே செத்துக் கிடந்தாலும் சரி, பூட்ஸ் மூட்டையைப் பிரித்தால் எல்லாம் இடது காலுக்கே இருந்தாலும் சரி, மலைமுகட்டிலிருந்து அவர் குரல் இறங்கும். கெட்ட வார்த்தை இருக்காது. சத்தமும் இருக்காது. "ஐயா, எங்களுக்கு வலது காலும் இருக்குங்க" என்று பணிவாகச் சொல்வார். கேட்டவருக்கு அன்றைக்குச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்காது.

கடைசியில் அந்த வாயே அவரைக் கீழே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

கர்னல் அவரை வரச் சொல்லி எதிரே உட்கார வைத்தார். கர்னலுக்கு எப்போதும் தொண்டைக் கரகரப்பு. கன்னத்தில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் பேசுவார்.

"இத்தனை மாசமா எங்களைத் திட்டறீங்க. நீங்க சொன்னது அத்தனையும் நியாயம். வண்டி விவகாரம் பாக்கறவர் உடம்பு முடியாம ஊருக்குப் போறார். அந்த நாற்காலியில நீங்க வந்து உக்காருங்க."

"நான் சண்டைக்காரன் சார். எனக்கு ஃபைல் பாக்கத் தெரியாது."

"சண்டைக்காரன்தான் வேணும். லாரி வாங்கணும்னா இங்க சண்டைதான் போடணும்."

உத்தரவு உத்தரவுதான்.

மீசை அரும்புகிற வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, அந்த முகட்டில் முப்பது பேருக்குத் தலைவராக ஆனவர் அவர். வந்த நாளிலிருந்து அங்கே ஒரு உயிரும் போகவில்லை. எதிர் மலையிலிருந்து சுடாத வாரம் கிடையாது, ஆனாலும் போகவில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்கிற பயம். ஆனால் தூங்கப் போகும்முன் ஒவ்வொருவர் முகமாக மனசுக்குள் பார்த்துக்கொள்வார். எல்லா முகமும் வந்த பிறகுதான் கண்ணை மூடுவார்.

அவர் கிளம்பிய காலையில் எல்லாரும் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். இயந்திரத் துப்பாக்கி பிடிக்கிற ஒருவன் இருந்தான். குண்டு பறக்கும்போதுகூட ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பான். அதனால் அவனுக்குப் பாட்டுக்காரன் என்று பெயர். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"கீழ போய் தொந்தி போட்டுடாதீங்க சார். அப்புறம் பதுங்குகுழிக்குள்ள நுழைய முடியாது."

"நான் எதுக்குடா மறுபடி நுழையணும்?"

"எங்களைப் பாக்க வரமாட்டீங்களா?"

நெட்டை சார் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் மானம் போய்விடும் என்று நேராக ரோட்டையே பார்த்தபடி வந்தார்.

அவர் இடத்துக்கு வந்தவர் இளைஞர். கண்ணாடி போட்டவர். வெயிலே படாத மாதிரி முகம். வந்து இறங்கி டீ குடித்து முடிப்பதற்குள் அவருக்குச் சின்னவர் என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் கொஞ்சம் செல்லம், நிறையக் கேலி.

தலைமை முகாம் அடிவாரத்தில் ஒரு பழைய சிமெண்டுக் கிடங்கில் இருந்தது. எத்தனை தடவை பெருக்கினாலும் மூலையிலிருந்து சாம்பல் தூசி வந்துகொண்டே இருக்கும். ஒரு பெரிய அறை, சுவரில் வரைபடம், நாலு மேசை, மூன்று டெலிபோன், ஒரு வயர்லெஸ் பெட்டி. நெட்டை சார் முதல் நாள் செய்த வேலை, தன் மேசையைத் தூக்கிச் சுவரோரமாகப் போட்டதுதான். முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் அவருக்கு உட்கார முடியாது. மேசையைத் திருப்பியதும் வரைபடம் பக்கவாட்டில் போய்விட்டது. கழுத்தைத் திருப்பித் திருப்பி மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டது.

வயர்லெஸ் பெட்டிக்கு ஒரு பெண் பொறுப்பு. ஒல்லி, வாயாடி இல்லை, ஆனால் பேசினால் ஒரே வெட்டு. அவர் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சார், இந்தக் கதவு வழியா டீ மட்டும்தான் வரும். திரும்பி உக்காருங்க."

அவர் திரும்பி உட்காரவில்லை.

வேலை என்னவோ கடினமில்லை. எந்த முகாமுக்கு எந்த வண்டி, எப்போது, எந்த வழியாக; அதுதான். ஆனால் அவருக்கு நெருப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. லாரிக்குக் கையெழுத்து போட்டால் லாரி கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றால் ஒரு குரல் "வந்தது" என்கிறது. யார் குடித்தார்கள், யார் முகம் கழுவினார்கள், எதுவும் தெரியாது. ஒவ்வொரு மாலையும் பெட்டியில் முகட்டு முகாமின் குரல் வரும்போது அவர் பேனா நின்றுவிடும். பேசுகிறவன் யார், சாப்பிட்டானா, சளி பிடித்திருக்கிறதா, குரலை வைத்தே சொல்லிவிடுவார்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மேலே இருந்தவரை அவர் எப்போது பேசுவார் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது தினமும் பேசலாம்.

"உங்க மச்சான் தெருவெல்லாம் சொல்லிட்டான், எங்க மாமா மேசை ஆபீசர் ஆயிட்டார்னு. எனக்கே வெக்கமா இருக்கு."

"மேசை ஆபீசர்னு ஒரு பதவியே கிடையாது."

"இருந்துட்டுப் போகுது. நேத்து ராத்திரி நான் தூங்கினேங்க. நல்லாத் தூங்கினேன்."

'நல்லா' என்கிற அந்த ஒரு சொல் அவர் வாயை அடைத்துவிட்டது. எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே டெலிபோனை வைத்தார்.

முகட்டு முகாமிலிருந்து ரோட்டுக்கு இறங்க இரண்டு வழி. ஒன்று ஓடை, பாறைகளுக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து இறங்கும், யார் கண்ணிலும் படாது. இன்னொன்று தோள்மேடு, அகலமான வழி, ஆனால் திறந்தவெளி. எதிர் மலையிலிருந்து பார்த்தால் உள்ளங்கை மாதிரி தெரியும். நெட்டை சார் இருந்த வரையில் ஆட்கள் ஓடையில்தான் நடந்தார்கள். ஒருநாள் பகலில் ரோந்து போன ஆறு பேர் தோள்மேட்டு வழியாகத் திரும்பும்போது எதிர் மலை சுட ஆரம்பித்தது. சின்னவர் வயர்லெஸ்ஸில் சொல்வது தலைமை முகாமின் பெட்டியிலும் கேட்டது. "கல்சுவருக்குப் பின்னால படுங்க. சத்தம் அடங்கற வரைக்கும் யாரும் நகரக் கூடாது."

நெட்டை சார் எப்போது எழுந்தார், எப்போது அறையைத் தாண்டினார், அவருக்கே தெரியாது. வயர்லெஸ் பெண்ணின் கையிலிருந்து மைக் அவர் கைக்கு வந்திருந்தது.

"படுக்காதீங்கடா. ஓடைக்கு இறங்குங்க. இப்பவே."

பெட்டியில் பூட்ஸ் பாறையில் உரசும் சத்தம். பிறகு ஓடுகிற மூச்சு. பிறகு பாட்டுக்காரன் குரல், சிரிப்பும் இரைப்புமாக: "இறங்கிட்டோம் நெட்டை சார். எல்லாரும் இருக்கோம்."

அறையில் யாரோ கை தட்டினார்கள். அவர் உள்ளங்கால் வரை சூடு பரவியது. வந்த நாளிலிருந்து செத்துக் கிடந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வயர்லெஸ் பெண் மைக்கை வாங்கி, சட்டைக் கையால் துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள்.

"இது என் பொறுப்புல இருக்கற மைக் சார்."

"உயிர் போற நேரத்துல யார் பொறுப்புன்னு பாக்க முடியுமாம்மா?"

அவள் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் ஆரம்பித்தது. மேலேயிருந்து, "நெட்டை சார் இருக்காரா?" என்று கூப்பிடுவார்கள். காவலுக்கு யாரைப் போடலாம் என்று கேட்பார்கள். மேற்குப் பக்கத்து மணல் மூட்டை சரிகிறது, என்ன செய்ய என்று கேட்பார்கள். ஒருநாள் அடுப்பு புகைகிறது என்றுகூடக் கேட்டார்கள். அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சொல்லும்போது முகம் மலர்ந்திருக்கும். கர்னல் வெளியே போகும் நேரமாகப் பார்த்துப் பேசுவார். தப்பு என்று தோன்றியிருந்தால் பேசியிருக்கவே மாட்டார். சரி என்று தோன்றியிருந்தால் ஒளிக்க வேண்டியதில்லையே. அதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு அவர் கொஞ்சம் மெனக்கெட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் கூட்டத்துக்காகச் சின்னவர் கீழே வந்தார். கூட்டம் முடிந்ததும் நெட்டை சாரின் மேசைக்கு வந்து நின்றார். முகம் இப்போது கறுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. நெட்டை சார் நாற்காலி போட்டார்; வந்தவர் உட்காரவில்லை.

"சார், உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்."

"சொல்லுங்க தம்பி. எதுவானாலும் தயங்காதீங்க. அந்த இடம் எனக்கு வீடு மாதிரி."

"அதான் சார். நான் ஒண்ணு சொன்னா அவங்க என்னைப் பாக்கறதில்ல. வயர்லெஸ் பெட்டியைப் பாக்கறாங்க."

நெட்டை சாருக்குச் சுருக்கென்றது. "அன்னைக்கு நான் ஓடைக்கு இறங்கச் சொன்னது தப்புங்கறீங்களா?"

"தப்பா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும் சார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "ஒருநாள் பெட்டி வேலை செய்யாது. இல்லாட்டி நீங்க டீ குடிக்கப் போயிருப்பீங்க. அன்னைக்கு நான் ஓடுன்னு சொன்னா ஓடுவாங்களா, காத்திருப்பாங்களா? அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரல."

சொல்லிவிட்டு ஒரு சல்யூட் வைத்துப் போய்விட்டார். வெட்கப்பட்டவர் மாதிரி வேகமாகப் போனார்.

நெட்டை சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது பேரைக் கட்டிக் காப்பாற்றியவனிடம் வந்து, வாயை மூடிக்கொண்டிரு என்கிறானே. அந்தச் சூட்டோடு கர்னலின் அறைக்குள் போனார்.

"என்னை மேலயே அனுப்பிடுங்க சார். இந்த நாற்காலி எனக்கு ஒத்துவரல."

கர்னல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அனுப்பறேன்."

இவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை.

"எழுதிக் குடுங்க, அனுப்பறேன். நீங்க மைக்கைப் பிடுங்கறதும் எனக்குத் தெரியும், அடுப்புக்கு யோசனை சொன்னதும் தெரியும். நான் வெளிய போனாலும் என் காது இங்கதான் இருக்கும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. நீங்க மேல போனா அந்தப் பையன் இறங்கணும். முதல் இடத்துலயே இறக்கிட்டாங்கன்னு பேர் வந்துடும். அதுக்கப்புறம் எந்த முகாம்ல அவன் பேச்சு எடுபடும்? போங்க, யோசிங்க. வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

அன்று மாலை மனைவியிடம் பேசும்போது சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். மேலே பசங்களுக்குத் தான் இல்லாமல் முடியவில்லை, புது ஆளுக்கு அனுபவம் போதாது, அடிக்கடி தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று சொன்னார். அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

"நீங்க லீவுல வர்றப்போ கேஸ் சிலிண்டரை இடம் மாத்தி வெப்பீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஜன்னல் பக்கம் இருந்தாத்தான் பாதுகாப்பு."

"பாதுகாப்புதான். யாரு இல்லன்னு சொன்னா? நீங்க ஊருக்குப் போனதும் நான் ஒரு மாசம் அதுல கால் முட்டியை இடிச்சுப்பேன். பொண்ணு என்ன சொல்லுவா தெரியுமா? அம்மா, அப்பா போயிட்டார், ஆனா சிலிண்டர் இன்னும் நம்மள அடிக்குதும்பா."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் இறங்கியது.

"மறுபடி மேலயா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"ம்." குழாயைத் திருகி மூடும் சத்தம் கேட்டது. "முடிவு பண்ணிட்டு முதல்ல என்கிட்ட சொல்லுங்க. மச்சான்கிட்ட சொல்லாதீங்க, அவன் ஊருக்குச் சொல்லிடுவான்."

வியாழக்கிழமை விடியும்போதே மழை. மலையைச் சுற்றி மூடுபனி கட்டிக்கொண்டு நின்றது. காலையில் மேலேயிருந்து சின்னவர் கூப்பிட்டார். பாட்டுக்காரனுக்கு அடிவயிற்றில் வலி, சுருண்டு கிடக்கிறான், காய்ச்சல் அனலாக அடிக்கிறது என்றார். டாக்டரை வரவழைத்துப் பேச வைத்தார்கள். டாக்டர் நாலு கேள்வி கேட்டுவிட்டு, குடல்வால்தான், சாயங்காலத்துக்குள் வயிற்றைத் திறக்காவிட்டால் சீழ் பிடித்து உடைந்துவிடும் என்று சொன்னார். ஹெலிகாப்டர் இந்தப் பனியில் எழும்பாது. தூக்கித்தான் இறக்க வேண்டும்.

நெட்டை சாரின் கை தானாக டெலிபோனை எடுத்தது. ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டு, ஓடை ரோட்டில் சேரும் இடத்தில் போய் நிற்கச் சொன்னார். யாரையும் கேட்கவில்லை. முகட்டிலிருந்து ஆள் இறங்கினால் ஓடை வழியாகத்தான் இறங்குவான். அதைக் கேட்க வேறு வேண்டுமா?

கொஞ்ச நேரத்தில் பெட்டியில் சின்னவர் குரல்: "ஸ்ட்ரெச்சரோட கிளம்பறோம். தோள்மேடு வழியா இறங்கறோம்."

அறையில் எல்லாரும் வரைபடத்தைப் பார்த்தார்கள். பிறகு நெட்டை சாரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள்மேடா? பனி விலகினால் அந்த வழியில் ஒரு முயல்கூட ஒளிய முடியாதே. பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

வழி பிரிகிற இடத்துக்கு வந்ததும் அவர்கள் நின்றுவிட்டார்கள். பெட்டி கரகரத்தது. இது சின்னவர் குரல் இல்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்த ஒருவனுடையது.

"நெட்டை சார் இருக்காரா? சார், எந்த வழி சார்? நீங்க சொல்லுங்க."

பின்னால் பாட்டுக்காரன் முனகுவது கேட்டது. எப்போதும் ஏதோ பாட்டாக வருகிற குரல்.

நெட்டை சார் எழுந்து பெட்டியிடம் போனார். இந்தத் தடவை பிடுங்க வேண்டியிருக்கவில்லை. வயர்லெஸ் பெண் தானே மைக்கை நீட்டினாள். அவள் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

'ஓடை' என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். அவர்கள் உடனே திரும்புவார்கள். சின்னவர் அங்கேயே, தன் ஆட்களுக்கு முன்னால், மழையில் நின்றுகொண்டிருப்பார். நாளைக்கு இவர் எழுதிக் கொடுத்து மேலே போய்விடலாம். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் மைக்கை அழுத்தினார்.

"அங்க தலைவர் யாருடா?"

"சார்?"

"தலைவர் யாருன்னு கேட்டேன்."

"சின்ன... அவர்தான் சார்."

"அவர் என்ன சொன்னார்?"

"தோள்மேடுன்னார்."

"அப்புறம் வழியில நின்னு என்கிட்ட என்ன கேள்வி? அவன் வலில துடிக்கறான், நீ அரட்டை அடிக்கற. பெட்டியை அவர்கிட்ட குடு."

குரல் உயரவில்லை. ஆனால் கேட்டவனுக்கு முதுகு நிமிர்ந்திருக்கும். பெட்டி கை மாறும் சத்தம் கேட்டது. சின்னவர் வந்தார். மூச்சு வாங்கியது.

நெட்டை சார் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வார்த்தைதான் அவருக்குப் பெரிய மலையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் அவர் அதைக் கேட்டதில்லை.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

பதிலுக்கு வந்த குரலில் நடுக்கம் இல்லை.

"ஓடையில ஸ்ட்ரெச்சரை நாலு பேர் சேர்ந்து தூக்க இடமில்ல சார். பாறைக்குப் பாறை கீழ வெக்கணும். அவன் தாங்க மாட்டான். தோள்மேட்டுல வேகமா போயிடலாம், ஆனா பனி கலையுது. எதிர் மலைக்கும் எங்களுக்கும் நடுவுல புகை வேணும். அப்புறம் வண்டி தோள்மேட்டு அடிவாரத்துல நிக்கணும்."

வண்டி. நெட்டை சார் வரைபடத்தைப் பார்த்தார். வண்டி ஓடை வாயில் நிற்கிறது. அவர்தான் அனுப்பினார். ஓடையில் நடந்து மட்டும் பழகினவர், ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கி அறியாதவர், யாரையும் கேட்காமல் அனுப்பினார்.

"ரெண்டும் வரும்" என்றார். மைக்கை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு டெலிபோனுக்கு ஓடினார்.

பீரங்கிப் பிரிவில் இருந்தவர் புகைக்குண்டுக்கு எழுத்தில் கேட்டார். "எழுத்து பின்னால வரும் ஐயா, இப்பப் புகை மட்டும் முன்னால வரட்டும்" என்றார் நெட்டை சார். யார் கேட்கிறது என்று அந்தப் பக்கம் உறுமியது. "முகட்டு முகாம் தலைவர் கேக்கறார். நான் அவருக்காகப் பேசறேன்." சொன்னபோது சொல் தொண்டையில் இடறவில்லை, அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

வண்டி பெரிய பாடாக இருந்தது. ஓடை வாயிலிருந்து தோள்மேட்டு அடிவாரத்துக்குப் போகிற ரோட்டை, கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் இன்னும் சோதித்து முடிக்கவில்லை. மழைக்காக நிறுத்திவிட்டு ஒதுங்கியிருந்தார்கள். அவர்களுடைய அதிகாரி, மழையில் கருவி சரியாகக் காட்டாது, முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். நெட்டை சார் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. பாட்டுக்காரனைப் பற்றிச் சொன்னார். எதற்கும் பாடுகிறவன், இன்று பாடவில்லை என்றார். "நாயைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அதிகாரி. மோப்ப நாயும் இரண்டு ஆட்களும் மழையில் முன்னால் நடக்க, ஆம்புலன்ஸ் அவர்களுக்குப் பின்னால் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது.

கர்னல் எப்போது வந்து கதவருகில் நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு டெலிபோன் மணி அடித்தபோது அவரே எடுத்து, "இதோ கூப்பிடறேன்" என்று நெட்டை சாரிடம் நீட்டினார்.

மலையில் புகை எழுந்தது என்று ஒரு குரல் சொன்னது. எதிர் மலை கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி எங்கேயோ சுட்டது. பிறகு பெட்டி மௌனமானது. அந்த மௌனத்தில் நெட்டை சார் வியர்வையைத் துடைக்கவும் மறந்து நின்றார். அதைக் கலைக்க அவரிடம் ஒரு மைக் இருந்தது, கை எட்டுகிற தூரத்தில். எங்கே வந்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஓடுகிறவனை நிறுத்தி, எங்கே ஓடுகிறாய் என்று கேட்பது எவ்வளவு தொல்லை என்று அவருக்கு மேலே இருந்தபோதே தெரியும். கேட்காமல் நின்றார்.

"வண்டிக்கு வந்துட்டோம்." சின்னவர் குரல். "ஏத்தியாச்சு. எல்லாரும் வந்தாச்சு." அவ்வளவுதான். நெட்டை சார் இருக்காரா என்று யாரும் கேட்கவில்லை.

வயர்லெஸ் பெண், "சரி, பதிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு கோப்பை டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆறிப்போன டீ. ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

ஓடை வழி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நன்றாகவே முடிந்திருக்கலாம். அந்தச் சந்தேகம் அவரிடம் கடைசி வரை இருக்கத்தான் போகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆம்புலன்ஸ் தலைமை முகாமின் வாசலில் டாக்டரை ஏற்றிக்கொள்ள நின்றது. நெட்டை சார் மழையில் வெளியே வந்து கதவுக்குள் தலையை நீட்டினார். பாட்டுக்காரன் வெளிறிக் கிடந்தான். கண்ணைத் திறந்து பார்த்தான்.

"என்ன சார், எந்த வழின்னு கேட்டதுக்குத் திட்டறீங்க."

"உன்னைத் திட்டலடா. கேட்டவனைத்தான்."

"எனக்காகத்தானே கேட்டான்." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். "சின்னவரும் ஒரு மூலையைத் தூக்கினார் சார். கண்ணாடி எங்கயோ விழுந்துடுச்சு. கண்ணு தெரியாம தடவித் தடவி... ஆனா விடல."

நெட்டை சார் அவன் நெற்றியில் கையை வைத்தார். அனல். டாக்டர் ஏறிக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற செய்தி வந்தது. அதைச் சின்னவர் பெட்டி வழியாக மேலே காவலில் நின்ற எல்லாருக்கும் சொன்னார். அதோடு விடாமல், ஸ்ட்ரெச்சரை வண்டியிலேயே போட்டுவிட்டு வந்தது யார், அது இல்லாமல் இங்கே என்ன செய்வது என்று திட்டினார். "சரி சார். தப்புதான் சார்" என்று ஒருவன் சொன்னான். அந்தக் குரலில் கேலி இல்லை. கொஞ்சம் பயம், கொஞ்சம் வாஞ்சை. நெட்டை சாருக்கு அந்தத் தொனி நன்றாகத் தெரியும். பல வருஷமாக அது தனக்கு மட்டும் வருவது என்று நினைத்திருந்தார். நெஞ்சுக்குள் ஏதோ பிடுங்கினாற்போல வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கர்னல் மேசைக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை ஆச்சே. எழுதியாச்சா?"

"எழுதல சார். இங்கயே இருக்கேன்."

கர்னல் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நெட்டை சார் மருந்துக்கடைக்கு டெலிபோன் செய்தார். கடை நேரத்தில் அவர் பேசியதே இல்லை. எடுத்தவுடன் அவள் குரல் பதறியது. "என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல. முடிவு பண்ணா முதல்ல சொல்லச் சொன்னியே. மேல போகல. கீழதான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏய். அழறியா?"

"அழலங்க. மாத்திரைத் தூசி." பிறகு அவசரமாக, "ஆள் வந்துட்டாங்க. வெச்சிடாதீங்க, அப்படியே இருங்க."

டெலிபோனைப் பலகை மேல் வைக்கும் சத்தம். யாரோ ஒரு அம்மா, பிள்ளைக்கு இருமல், மூணு வயசு என்று சொல்வது கேட்டது. அவள், மூடியில் பாதி அளவு, சாப்பிட்ட பிறகு, குலுக்கிட்டுக் குடுங்க என்று சொன்னாள். இழுப்பறை திறந்து மூடியது. கத்தரிக்கோல் மாத்திரை அட்டையைக் கத்தரித்தது. இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்யும் சத்தத்தை அவர் கேட்டதில்லை. டெலிபோனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.